கோனும் பட்டனும் பனியன் துணியும்

திருப்பூர்,
ஞாயிறு காலை

பத்து வயதைத் தாண்டிய தம்பி தங்கைகளுக்கு,

10 வயதுக்கும் 12 வயதுக்கும் இடையில் வரும் பிறந்தநாளுக்குத்தான் விளையாட்டுத் தேர்வது கடினம். ஐந்து வயதுக் குழந்தைக்கு ஒரு பலூன் போதும். பதினைந்து வயதுக்காரர்களுக்கு அரட்டையே போதும். இடைப்பட்ட வயதினருக்கு இரண்டும் சலிக்கும். அவர்களுக்கு ஓடவும் வேண்டும், மூளைக்கும் வேலை வேண்டும், பெரியவர்கள் பக்கத்தில் நின்று அதட்டவும் கூடாது.

திருப்பூரில் இதற்கு ஏற்ற நாள் ஞாயிறு. பெரும்பாலான பனியன் கம்பெனிகளில் வாரச் சம்பளம் சனிக்கிழமை கைக்கு வரும். மறுநாள் அம்மா அப்பா வீட்டில் இருப்பார்கள். வெயில் தாழ்ந்து நான்கரை மணிக்குத் தொடங்கி ஏழு மணிக்குள் முடித்தால் நல்லது. லைன் வீடாக இருந்தால் வளவின் பொதுவாசலோ மொட்டை மாடியோதான் மைதானம். மாடியில் கைப்பிடிச் சுவர் இல்லாவிட்டால் அங்கே ஓடும் ஆட்டம் எதுவும் வேண்டாம். எட்டுப் பேர் முதல் பத்துப் பேர் வரை சரியான அளவு. அதற்கு மேல் போனால் பாதிப் பேர் வேடிக்கை பார்ப்பார்கள்.

விருந்தினர் ஒரே நேரத்தில் வருவதில்லை. முதலில் வந்தவர் கடைசி ஆள் வரும்வரை சும்மா உட்கார்ந்திருக்காமல் இருக்க, இடையில் யார் வந்தாலும் சேர்ந்துகொள்ளும் ஆட்டம் ஒன்று தயாராக இருக்க வேண்டும். அதற்குப் பல்லாங்குழி பொருந்தும். வரிசைக்கு ஏழாகப் பதினான்கு குழிகள். பலகை இல்லாவிட்டால் தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டால் போதும். புளியங்கொட்டைக்குப் பதில் சட்டை பட்டன். குழிக்கு ஐந்து வீதம் 70 பட்டன் ஆகும். ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் அது ‘பசு’. குழிக்கு உரியவர் உடனே எடுத்துக்கொள்ளலாம். சண்டை வருவது பெரும்பாலும் இந்தப் பசுவால்தான், ஆகவே விதியை முதலிலேயே பேசி வைத்துக்கொள்வது நல்லது. ஆடுபுலி ஆட்டமும் உண்டு: மூன்று புலி, பதினைந்து ஆடு. இருவர் ஆடும் ஆட்டமானாலும், ஆட்டுப் பக்கம் நான்கு பேர், புலிப் பக்கம் நான்கு பேர் என்று கூடி யோசித்தால் குரல் தெருமுனை வரை கேட்கும். தரையில் கட்டம் போட்டுக் காய் நகர்த்துவது இந்த மண்ணில் பழைய வழக்கம். கீழடி அகழாய்வில் சுடுமண் வட்டச்சில்லுகளும் ஆட்டக்காய்களும் பகடையும் கிடைத்திருக்கின்றன.

எல்லோரும் வந்த பிறகு ஓடும் ஆட்டம். ஏழு கல் ஆட்டத்தைக் கல் இல்லாமலே ஆடலாம். நூல் தீர்ந்த காகிதக் கோன்கள் நிட்டிங் யூனிட் உள்ள தெருவில் கேட்டால் கிடைக்கும். கோனை அப்படியே ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் உள்ளே புகுந்து உட்கார்ந்துகொள்ளும், எறிந்தாலும் சரியாது. அதனால் கீழே மூன்று கோன், மேலே ஓர் அட்டை, அதன்மேல் இரண்டு, மறுபடி அட்டை, உச்சியில் ஒன்று. பந்துக்குக் கட்டிங் வேஸ்ட் எனும் துண்டுத் துணியை இறுக்கிச் சுருட்டிப் பழைய சாக்ஸுக்குள் திணித்துக் கட்டினால் போதும். மேலே பட்டாலும் வலிக்காது, ஜன்னல் கண்ணாடியும் தப்பும். ஓர் அணி எறிந்து சரிக்க வேண்டும். சரித்த அணியே திரும்ப அடுக்க வேண்டும். அடுக்கி முடிப்பதற்குள் மற்ற அணி பந்தால் அடிக்கும். வேலைக்காகப் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த குடும்பங்களின் பிள்ளைகள் இங்கே வகுப்பறைதோறும் இருக்கிறார்கள். இந்த ஆட்டத்தை அவர்களுக்கு விளக்க மொழி தேவையில்லை. இந்தி பேசும் ஊர்களில் இதற்குப் ‘பிட்டு’ என்று பெயர்.

நாற்காலி ஆட்டத்தில் ஒரு குறை உண்டு. முதலில் வெளியேறியவர்தான் அதிக நேரம் சுவரோரம் நிற்க வேண்டியிருக்கும். மெதுவாக ஓடுபவருக்குத்தான் விளையாட்டு அதிகம் தேவை, அவரைத்தான் இது முதலில் அனுப்புகிறது. மாற்று எளிது: பாட்டு நின்றதும் நாற்காலியை மட்டும் எடுப்பது, ஆளை எடுப்பதில்லை. மிச்சமிருக்கும் நாற்காலிகளில் எல்லோரும் எப்படியாவது ஒண்டிக்கொள்ள வேண்டும். எட்டுப் பேர் மூன்று நாற்காலிக்கு வரும்போது ஆட்டம் சூடுபிடிக்கும். மடக்கும் பிளாஸ்டிக் நாற்காலி இதற்கு ஆகாது, உடையும்.

இந்த வயதினருக்கு மிகவும் பிடித்தது புதையல் வேட்டை. குறிப்புச் சீட்டை மடித்து ஒளித்தால் முதலில் கண்டவர் படித்துவிடுவார். மற்றவர்களுக்கு வேலை இல்லை. திருப்பூர்க்காரர்களிடம் இதற்கு ஒரு பொருள் இருக்கிறது: ஜட்டிக்கும் டிராக் பேன்ட்டுக்கும் இடுப்பில் வைக்கும் அகல இலாஸ்டிக். இரண்டு பேர் இரு முனையையும் முழுக்க இழுத்துப் பிடிக்க, மூன்றாமவர் எழுத்துகளை நெருக்கமாக எழுதுவார். விட்டதும் இலாஸ்டிக் சுருங்கி, எழுத்தெல்லாம் ஒன்றோடொன்று நசுங்கிக் கோடுகளாகத் தெரியும். திரும்ப இழுத்தால்தான் வாசகம் வரும். ஒருவர் மட்டும் இழுத்துப் பிடித்துக்கொண்டு நிதானமாகப் படிப்பது சிரமம். ஆகவே துணை தேடியே ஆக வேண்டும். ஆறு குறிப்பு போதும். ஒன்றிரண்டு விடுகதையாக, ஒன்று கணக்காக, மற்றொன்று துணியைத் தடவிக் கண்டுபிடிப்பதாக இருக்கலாம். கண்ணைக் கட்டிக்கொண்டு ரிப், இன்டர்லாக், பிளீஸ் என்ற மூன்று துணி வகைகளையும் விரலால் பிரித்தறிவது டைலர் வீட்டுப் பிள்ளைக்குக் கைவந்த கலை. மற்றவர்களுக்கு அவ்வளவு எளிதல்ல.

பேக்கிங் போட்டி என்று சட்டையை மடித்து அட்டை வைத்துக் கவரில் போடும் பந்தயம் நடத்தலாமே என்று தோன்றும். வேண்டாம். இதே ஊரில் இதே வயதுப் பிள்ளைகள் கூலிக்குத் துணி மடித்த காலம் ஒன்று இருந்தது. 1986இல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016இல் திருத்தப்பட்ட பிறகு, 14 வயதுக்கு உட்பட்டவர்களை வேலைக்கு அமர்த்துவது, குடும்பத் தொழில் உதவி போன்ற சில விலக்குகள் தவிர, முற்றிலும் தடை செய்யப்பட்டது. விருந்துக்கு வந்தவர்களில் யாருடைய பாட்டிக்கோ அந்த நினைவு இருக்கக்கூடும்.

கேக் வெட்டும் நேரத்துக்கு மட்டும் ஒரு பெரியவர் கூட இருக்க வேண்டும். ஸ்னோ ஸ்ப்ரே டப்பாவில் நுரையை வெளியே தள்ளுவது பெரும்பாலும் எரியும் வாயு. மெழுகுவர்த்தி எரியும்போது அடித்தால் தீ முகத்துக்கே பாயும். மேலே பறக்கும் பலூனில் ஹைட்ரஜன் இருந்தால் அதுவும் நெருப்புக்குப் பக்கத்தில் வரக்கூடாது. வெடித்த பலூன் துண்டுகளை உடனே பொறுக்கிவிட வேண்டும், வீட்டுக் கைக்குழந்தை வாயில் போட்டால் தொண்டையை அடைக்கும்.

சாப்பிட்ட பின் யாரும் ஓட மாட்டார்கள். அப்போது பாட்டுக்குப் பாட்டு. இலங்கை வானொலியில் பி.எச். அப்துல் ஹமீது நடத்திப் புகழ்பெற்ற இந்த ஆட்டம் பின்னர் தொலைக்காட்சிக்கும் வந்தது. ஒருவர் பாட்டை முடித்த எழுத்தில் அடுத்தவர் தொடங்க வேண்டும். தமிழ் தெரியாத விருந்தினர் தன் மொழிப் பாட்டைப் பாடலாம் என்று விதியைத் தளர்த்தினால் போதும்.

கைவேலை விரும்புபவர்களுக்குச் சிங்கிள் ஜெர்சி துணி. அகலவாக்கில் ஓர் அங்குல நாடாவாக வெட்டி இரு முனையையும் இழுத்தால், ஓரங்கள் தானாகச் சுருண்டு உருண்டைக் கயிறாகிவிடும். அந்தப் பின்னலில் வளையங்களின் முகமெல்லாம் ஒரே பக்கம் இருப்பதால் இழுவிசை சமமாக இல்லை, அதனால்தான் சுருள்கிறது. இருபக்கமும் சமமாகப் பின்னிய ரிப்பும் இன்டர்லாக்கும் இப்படிச் சுருளாது. மூன்று நிறக் கயிற்றைச் சடை பின்னினால் கைக்கயிறு. அதை நண்பர்கள் ஒருவருக்கொருவர் கட்டிவிடலாம்.

வந்தவர்களுக்குக் கொடுத்தனுப்ப, அவரவர் வரைந்த வெள்ளை டீ-ஷர்ட்டை விடச் சிறந்த பரிசு இல்லை. முடிச்சுப் போட்டுச் சாயம் முக்கும் வேலை கண்ணைக் கவரும்தான். ஆனால் ரியாக்டிவ் சாயம் பருத்தியில் பிடிக்கச் சலவைச் சோடாவும் பல மணி நேரமும் வேண்டும். சாயப்பொடி மூச்சில் ஏறக்கூடாது. பிடிக்காத சாயமெல்லாம் அலசும் நீரில் போகும். அந்த நீர் என்ன செய்யும் என்பது நொய்யல் ஆற்றங்கரைக்காரர்களுக்குத் தெரியும். சாயக்கழிவு தேங்கியதால்தான் அந்த ஆற்றின் ஒரத்துப்பாளையம் அணை பெயர் கெட்டது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. வீட்டுக்குத் துணி பெயின்ட் போதும். வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டித் தொட்டு வைத்தால் பூ அச்சு விழும். சட்டைக்குள் அட்டை வைக்காவிட்டால் பின்பக்கமும் பூ பூத்துவிடும். ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, உள்பக்கமாகத் திருப்பி இஸ்திரி போட வேண்டும். முதல் இரண்டு முறை தனியாகத் துவைக்க வேண்டும்.

அன்புடன்,
அண்ணன்