ஆபரேஷன் ரிப்போர்ட் வாங்கப் போறீங்களா?

அம்மிச்சிக்கோ அப்பாருக்கோ பெருங்குடல் கேன்சர் கட்டியை எடுத்து வீட்டுக்கும் கூட்டி வந்தாச்சு, இனி ரிப்போர்ட்தான். கோவை ஆர்.எஸ்.புரத்தில் அக்கம்பக்கத்து வீடுகளில் நாங்க பகிர்ந்துக்கிற குறிப்புகள் உங்களுக்கும் உதவட்டுங்க.

1. எடுத்த கட்டி ஃபார்மலினில் ஊறி, மெழுகில் பதிஞ்சு, மெல்லிசாச் சீவி, சாயம் ஏறின பிறகுதான் மைக்ராஸ்கோப்புக்குப் போகும். ஒரு வாரம், பத்து நாள் ஆகலாம். லேப் நம்பரைக் குறிச்சு வெச்சு போனில் கேட்டுக்கிட்டா ஆட்டோக் காசு மிச்சம்.

2. முதலில் இரண்டாம் ஸ்டேஜ்னு சொல்லிட்டு ஆபரேஷனுக்கு அப்புறம் மூணுன்னு சொன்னா, அதுக்குள்ள நோய் பரவிடுச்சேன்னு பதறாதீங்க. ஸ்கேனில் தெரியாதது மைக்ராஸ்கோப்பில் தெரிஞ்சிருக்கு. ரிப்போர்ட்டில் வர்ற 'டி', 'என்' எழுத்துகளுக்கு (விளக்கம் அடுத்த குறிப்பில்) முன்னால் சின்ன 'சி' இருந்தா ஆபரேஷனுக்கு முந்தின கணிப்பு; 'பி' இருந்தா எடுத்ததைச் சோதிச்ச முடிவு.

3. 'டி' கட்டியின் ஆழம், 'என்' நெறிக்கட்டி, 'எம்' வேற உறுப்புக்குப் போயிருக்கா என்பது. பெருங்குடலில் 'டி3' என்றால் குடலின் தசைச் சுவரைத் தாண்டியிருக்கு. '2/16' என்றால் 16 நெறிக்கட்டி பார்த்ததில் 2-ல் நோய். 1 முதல் 3 வரை 'என்1', 4-ம் அதுக்கு மேலும் 'என்2'. குறைஞ்சது 12 பார்த்திருக்கணும் என்பது வழக்கம். குறைவா இருந்தா ஏன்னு டாக்டரிடம் தயங்காமக் கேளுங்க.

4. கிரேடு வேற, ஸ்டேஜ் வேற. கிரேடு 3 என்பது செல்லின் குணம்தான். அதைப் பார்த்துட்டு சொந்தக்காரங்களுக்கெல்லாம் மூணாம் ஸ்டேஜ்னு போன் போட்டுடாதீங்க, அப்புறம் ஆறுதல் சொல்ல வர்றவங்களுக்குக் காபி போட்டே பால் தீர்ந்துடும்!

5. மார்ஜின் வரியை விட்டுடாதீங்க. 'ஆர்0' என்றால் வெட்டின ஓரம் சுத்தம். 'ஆர்1' என்றால் ஓரத்தில் கொஞ்சம் செல் இருக்கு.

6. கீமோ வேணுமான்னு பேசும்போது வயசை மட்டும் சொல்லி நிறுத்தாதீங்க. தானே குளிக்கிறாங்களா, உழவர் சந்தைக்கு நடந்து போய் வர்றாங்களா, பகலில் எவ்வளவு நேரம் படுத்திருக்காங்கன்னு ஒரு தாளில் எழுதிக் கொடுங்க. டாக்டர் அதை ரொம்பவே கவனிப்பார். பெரியவங்களையும் கூடவே உட்கார வைங்க; அவங்க உடம்பு, அவங்களுக்கும் கேள்வி இருக்கும்.

7. பளபளத் தாளில் அடிச்ச மருந்து பில் சில மாசத்திலேயே மங்கிடும், அன்னைக்கே ஜெராக்ஸ் எடுத்துடுங்க. வெளியூர் மகனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது படமா அனுப்பாம டாகுமென்ட்டா அனுப்பினா எழுத்து தெளிவா இருக்கும்.

8. வேறொரு டாக்டரைக் கேட்கணும்னா ஸ்லைடும் மெழுகு பிளாக்கும் கேட்டு வாங்குங்க. ஒவ்வொண்ணிலும் இருக்கிற நம்பரை ரிப்போர்ட்டோட ஒத்துப் பாருங்க. ஐஸ் வேண்டாம், ஆனா சித்திரை வெயிலில் காருக்குள்ள விட்டா மெழுகு இளகிடும். கண்ணாடி ஸ்லைடைப் பழைய துண்டில் சுத்தி கைப்பையிலேயே வைங்க.

9. சென்னை அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட் மாதிரி வெளியூர் ஆஸ்பத்திரிக்கு ரயிலில் போறதா இருந்தா, சிகிச்சைக்கான சலுகைப் படிவத்தில் டாக்டர் கையெழுத்து வாங்கிக்கோங்க. ஸ்லீப்பரிலும் மூணடுக்கு ஏசியிலும் நோயாளிக்குக் கட்டணமில்லை, துணைக்குப் போற ஒருத்தருக்கு முக்கால்வாசி தள்ளுபடி. சேரன் எக்ஸ்பிரஸில் கீழ் பெர்த் கேட்டு வாங்குங்க.