சீசன் டிக்கெட்டை விற்கலாமா?

கேள்வி: சேப்பாக்கம் டெஸ்டுக்கு ஐந்து நாள் சீசன் டிக்கெட் வாங்கிவிட்டேன். மலையில் ஏலக்காய் எடுப்பு. கடைசி இரண்டு நாள் போக முடியாது. கூடுதல் விலைக்கு விற்கலாமா?
- ஒரு வாசகர், போடிநாயக்கனூர்

பதில்: போடி ஏலத்தில் உங்கள் காய்க்குக் கூடுதல் விலை கேளுங்கள், அது நீங்கள் விளைவித்தது. டிக்கெட் அப்படியல்ல. போட்ட விலைக்கே, தெரிந்தவருக்குக் கொடுங்கள். அதற்கும் டிக்கெட் விதி இடம் தந்தால்தான். அதிக விலைக்கு என்றால் அது பிளாக்தான், வேறு பெயர் கிடையாது.

அதைவிட, கடைசி நாளையா விடுவீர்கள்? 1986 செப்டம்பர் 22, இதே சேப்பாக்கம். ஆஸ்திரேலியா வைத்த இலக்கு 348. கடைசி ஓவரில் மணீந்தர் சிங் எல்.பி.டபிள்யூ.; இந்தியா 347, ஆட்டம் 'டை'. டெஸ்ட் வரலாற்றில் அப்படி முடிந்தவை இரண்டே. அன்றைய டிக்கெட்டை விற்றவர் என்ன பாடுபட்டிருப்பார்!

முதல் இரண்டு நாளை விட்டுக்கொடுங்கள். எடுப்பை ஆளிடம் ஒப்படைத்து ஐந்தாம் நாளுக்குப் போய்ச் சேருங்கள். 2023 முதல் போடியிலிருந்தே சென்னைக்கு ரயில் இருக்கிறது.