யூக்குலேலியும் யாழும்: நரம்பு கூட்டும் கலை

ஹரோவில் வாழும் எம் சிறார்களுட் பலர் வாரநாட்களில் ஆங்கிலப் பாடசாலையிலே யூக்குலேலி என்னும் சிறு நரம்புக் கருவியைக் கற்கின்றனர். வாரஇறுதியில் அதே சிறார்கள் தமிழ்ப் பள்ளிக்கு வந்து சரளி வரிசையும் தேவாரமும் பயில்கின்றனர். இவ்விரண்டும் ஒன்றோடொன்று தொடர்பற்றவை என்றே பெற்றோராகிய நாம் எண்ணி வந்தோம். எம் வீட்டு அம்மம்மா அதனைக் கண்டு, “இதென்ன, குட்டி போட்ட கிற்றாரோ?” என்று கேட்டுச் சிரித்ததும் உண்டு. ஆயினும், எம் மகனுக்கு நேர்ந்த ஓர் இடர்ப்பாடு அக்கருவியை உற்று நோக்குமாறு எம்மைத் தூண்டிற்று. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

யூக்குலேலி ஹவாய்த் தீவுகளுக்கு உரியதெனினும், அதன் மூதாதை போர்த்துக்கேயருடையது. 1879 ஆகஸ்டு மாதத்தில் மதெய்ராத் தீவிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்குத் தொழிலாளரை ஏற்றிச் சென்ற ‘ரேவன்ஸ்கிராக்’ என்னும் கப்பல் ஹொனலூலுவை அடைந்தது. அதில் வந்த தச்சர்கள் தம் நாட்டுச் சிறு நரம்புக் கருவியை அங்குள்ள மரத்திற் செய்யத் தலைப்பட்டனர். கலாகௌவா மன்னர் அதனை ஆதரித்தார். புலம்பெயர்ந்தோர் கையோடு கொண்டுசென்ற கருவி, போன இடத்தின் பெயரைப் பெற்று உலகெங்கும் பரவிற்று. எம்மவர் சிந்தித்தற்குரிய செய்தி இது.

இனிப் பாடத்திற்கு வருவோம். இக்கருவிக்கு நரம்புகள் நான்கு. வழக்கமான கூட்டு முறையில் அவை ஜி, சி, இ, ஏ என ஒலிக்கும். சி என்பது நம்மவர் கூறும் ஒரு கட்டை. அதனைச் சட்சமாகக் கொண்டால், நான்கு நரம்புகளும் முறையே ப, ச, க, த ஆகின்றன. மாணவர்களே, இச்சுரங்களை எங்கே கேட்டிருக்கிறீர்கள்? மோகன இராகத்தின் ஐந்து சுரங்களுள் நான்கு, விரல் வையாமலே கிடைத்துவிட்டன! எஞ்சிய ரி, சி நரம்பின் இரண்டாம் மெட்டில் உள்ளது. மேற்சட்சம் ஏ நரம்பின் மூன்றாம் மெட்டில் உள்ளது. ஆகவே, இரண்டே இடங்களில் விரல் வைத்து மோகனத்தின் ஆரோகணம் முழுவதையும் மீட்டலாம். மோகனமே பழந்தமிழரின் முல்லைப்பண் என ஆய்வாளர் பலர் கொள்வர்.

இவ்வசதி ஒரு விசித்திரத்தால் விளைவது. கருவியை ஏந்தும்போது மேலே இருக்கும் ஜி நரம்பு, கிற்றாரிற்போலத் தாழ்ந்து ஒலிக்காமல், சி, இ இரண்டினும் உயர்ந்து ஒலிக்கின்றது. சிலர் அதனை நீக்கிவிட்டுத் தடித்த ‘தாழ் ஜி’ நரம்பைப் பூட்டுவர். அப்பொழுது அது மந்தர பஞ்சமம் ஆகிவிடும். பாடலுக்குக் கீழ்த்தாங்கலாக நன்கு உதவும். ஆனால் மத்திம பஞ்சமத்தை இ நரம்பின் மூன்றாம் மெட்டில் தேடவேண்டும். ஒரு நரம்பை மாற்றினால் பாடமே மாறுகின்றது!

மேலும், எல்லா நரம்புகளையும் ஒருசேர உயர்த்தவும் தாழ்த்தவும் கூடும். ஏ, டி, எஃப் ஷார்ப், பி என்பது முன்னாளில் பெரிதும் வழங்கிய கூட்டு. கனடாவில் 1960களின் பிற்பகுதியிலிருந்து சால்மர்ஸ் டோன் என்பார் பாடசாலைகளிற் பரப்பிய முறையும் டியைச் சார்ந்ததே. அங்குள்ள உறவினர் அனுப்பும் புத்தகம் இங்குள்ள பிள்ளையைக் குழப்புவது இதனாலேயே. அளவிற் பெரிய ‘பரிட்டோன்’ யூக்குலேலியோ டி, ஜி, பி, இ எனக் கூட்டப்படும். மூன்றிலும் சட்சத்தின் இடம் ஒரு கட்டை, இரண்டு கட்டை, ஐந்து கட்டை என மாறுகின்றதேயன்றி, ப, ச, க, த என்னும் அமைப்பு மாறுவதில்லை. விரல் கற்ற பாடம் அப்படியே இருக்க, பாடுவோரின் குரலுக்கேற்பக் கருவியை நகர்த்தலாம்.

மற்றொரு வழியும் உண்டு. நரம்புகளைத் தொடாமல் சட்சத்தை மட்டும் இடம் மாற்றுவது அது. மோகனத்தின் அதே ஐந்து ஒலிகளை ஜியிலிருந்து தொடங்கினால் சுத்த சாவேரி பிறக்கும். ஏயிலிருந்து தொடங்கினால் சுத்த தன்யாசி பிறக்கும். வீட்டில் செய்து பாருங்கள், வியப்பீர்கள். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் எனச் சுரங்களுக்குப் பெயரிட்ட நம் முன்னோர், யாழில் இவ்வாறே குரலாகும் நரம்பை மாற்றிப் புதிய பண்களைப் பெற்றனர். யாழுக்கு மெட்டுகள் இல்லை, நரம்பு ஒவ்வொன்றுக்கும் ஓர் ஒலியே. செங்கோட்டியாழுக்கு 7 நரம்புகள், பேரியாழுக்கு 21 என அடியார்க்குநல்லார் உரை கூறும். ஆதலின் நரம்பு கூட்டுதலே யாழ்ப்பயிற்சியின் உயிராக இருந்தது. ஐந்தாம் நரம்பைக் கிளை என்றும் நான்காம் நரம்பை நட்பு என்றும் உறவுமுறை கூறியே அவர்கள் செவியைப் பழக்கினர். மறைந்துபோன இக்கலையைக் கணக்கிட்டு ஆராய்ந்து ‘யாழ் நூல்’ இயற்றியவர் காரைதீவில் 1892இற் பிறந்த விபுலாநந்த அடிகள். இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரியான அவர், அந்நூல் 1947 யூன் மாதத்தில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறிய மறுமாதமே மறைந்தார்.

நரம்புகளைப் பற்றிச் சிறிது எச்சரிக்கை. முற்காலத்தில் இவை விலங்கின் குடலாற் செய்யப்பட்டன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் நைலோன் வந்தது. இக்காலத்தில் அதனினும் அடர்த்தி மிக்க, மெலிந்த, துலக்கமாக ஒலிக்கும் புளோரோகார்பன் நரம்புகளும் கிடைக்கின்றன. புதிய நைலோன் நரம்பு சில நாட்கள் நீண்டுகொண்டே இருக்கும். பிரடையைத் திருகித் திருகிப் பொறுமையோடு சுருதி சேர்த்தல் வேண்டும், கருவி பழுதென்று கடைக்கு ஓடவேண்டாம். உருக்குக் கம்பியை மட்டும் பூட்டாதீர்கள். வீட்டில் மிஞ்சிக் கிடந்த கிற்றார்க் கம்பியை நாமே ஒருமுறை பூட்டி முறுக்கினோம். இரவில் ‘படார்’ என்ற ஓசை கேட்டது. காலையிற் பார்த்தால் குதிரை பலகையிலிருந்து பெயர்ந்து கிடந்தது. அவ்வாறே சி கூட்டுக்குரிய நரம்பைத் தளர்த்தி ஐந்து கட்டைக்கு இறக்கினால் அது தொளதொளத்துப் போகும். அதற்குத் தடித்த நரம்புத் தொகுதி வேண்டும்.

சுருதி சேர்க்கும் மின்கருவிகள் இன்று ஏராளம். ஆயினும் சி ஒன்றை மட்டும் கருவியால் சேர்த்துக்கொண்டு, மற்றவற்றைச் செவியாற் சேர்க்கப் பழகுவது நன்று. சி நரம்பின் நான்காம் மெட்டு இ ஆகும். இ நரம்பின் மூன்றாம் மெட்டு ஜி, ஐந்தாம் மெட்டு ஏ.

இனி எம் மகனின் கதை. எட்டு வயதில் அவன் தேவாரக் குழுவில் வாயை மட்டும் அசைத்துக்கொண்டு நின்றான். “சுருதி சேரவில்லை, மெதுவாகப் பாடு” என்று யாரோ கூறியது அவன் மனத்தில் தைத்துவிட்டது. வீட்டிலும் பாடுவதை நிறுத்தினான். இசை அவனுக்கு வாய்க்கவில்லை என்றே நாமும் முடிவுகட்டினோம். ஒருநாள் யூக்குலேலியில் ப, ச, க, த மீட்டியவாறு, யாரும் கேட்கவில்லை என்ற துணிவில், அதே பதிகத்தை அவன் பிழையின்றிப் பாடக் கேட்டுத் திகைத்தோம். அவன் பாடியது ஒரு கட்டையில். வகுப்பிலோ சுருதிப்பெட்டி ஐந்து கட்டையில் வைக்கப்பட்டிருந்தது. ஆசிரியையின் குரலுக்கு ஏற்ற அந்தத் தாழ்ந்த சட்சத்தை எட்டு வயதுத் தொண்டை எட்டவில்லை. குறை செவியிலன்று!

நாம் தயங்கித் தயங்கி இதனை ஆசிரியையிடம் தெரிவித்தோம். அவர் சினம் கொள்ளவில்லை. சிறுவர் ஒவ்வொருவரையும் தனித்தனியே பாடச்செய்து கேட்டார். மேலும் மூவர் அவ்வாறே வாயசைத்துக்கொண்டிருந்தமை வெளிப்பட்டது. அடுத்த வாரம் சிறியோர் பிரிவுக்குச் சுருதிப்பெட்டி ஒரு கட்டைக்கு உயர்த்தப்பட்டது. எம் மகன் முன்வரிசைக்கு வந்தான். அவனுடைய யூக்குலேலிக்கு இப்போது புதிய குதிரை ஒட்டப்பட்டிருக்கின்றது. ஏ நரம்பு மட்டும் இன்னும் நீண்டுகொண்டிருக்கின்றது.