மயங்கியவரைத் தூக்கி உட்கார வைக்கலாமா?

"மதினி மயங்கிட்டாக, தூக்கி உக்கார வைங்க!" வெயில் காலத்தில் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை பக்கத்துப் பட்டாசு ஆலைகளில் யாரேனும் சரிந்தால் எழும் குரல் இது. அக்கறையில் எழுவதுதான், செய்யச் சொல்வதோ தவறு.

"உடம்புல ரத்தமே இல்லை" என்றும் சொல்வார்கள். ரத்தசோகை மயக்கத்துக்கு வழிவிடக்கூடும்தான். பெரும்பாலும் ரத்தம் உடம்பில் இருக்கிறது, இடம் மாறிவிடுகிறது. மணிக்கணக்கில் தரையில் உட்கார்ந்து சரம் பின்னியவர் சட்டென எழும்போது அரை லிட்டருக்கு மேல் ரத்தம் கால்களுக்கும் வயிற்றுக்கும் இறங்குகிறது. கழுத்துத் தமனியின் அழுத்த உணரிகள் அந்தச் சேதியை மூளைத்தண்டின் அடிப்பகுதியான முகுளத்துக்கு நரம்பு வழியே அனுப்புகின்றன. முகுளம் இதயத்தை முடுக்கி, ரத்தக் குழாய்களை இறுக்கி, சில நொடிகளில் அழுத்தத்தை மீட்கிறது.

வெடிமருந்து புழங்கும் அறையில் மின்விசிறி கிடையாது. சூட்டைத் தணிக்கத் தோலின் ரத்தக் குழாய்கள் விரிந்து கிடக்கும். வியர்வையில் நீரும் போயிருக்கும். அப்போது முகுளம் எவ்வளவு இறுக்கினாலும் போதாது. உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளைக்கு, இதயம் அனுப்பும் ரத்தத்தில் ஏறக்குறைய 15 சதவீதம் வேண்டும். அது நின்றால் 10 நொடியில் நினைவு தப்பிவிடும். கீழே விழுந்ததும் தலையும் இதயமும் ஒரே மட்டத்துக்கு வர, ரத்தம் மூளைக்குத் திரும்புகிறது. அந்த நேரத்தில் தூக்கி உட்கார வைத்தால் மறுபடியும் இறங்கிவிடும். படுக்க வைத்துக் கால்களை உயர்த்துங்கள். நினைவு தெளியும்வரை சோடாவோ தண்ணீரோ வாயில் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

"வேகமா மூச்சு இழுங்க, மூளைக்குக் காத்து போகும்." வெடிச்சத்தத்தில் பதறியவர்களிடம் இப்படிச் சொல்வதும் உண்டு. வேக மூச்சில் கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறுகிறது; அது குறையக் குறைய மூளையின் ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. ரத்தத்தில் அதன் அழுத்தம் 1 மில்லிமீட்டர் பாதரசம் இறங்கினாலே மூளைக்குப் போகும் ரத்தம் சுமார் 3 சதவீதம் குறையும். தலை கிறுகிறுப்பது இதனால்தான். பதற்றத்தில் இருப்பவரை நிதானமாக மூச்சுவிடச் சொல்லுங்கள். புகையைச் சுவாசித்துத் திணறுபவர் நிலை வேறு. அவருக்கு உடனே ஆஸ்பத்திரியும் ஆக்சிஜனும் தேவை.

படுத்த ஓரிரு நிமிடத்தில் தெளியாமல், உடம்பு கொதித்து, பேச்சு குழறினால் அது வெப்பவாதமாக இருக்கலாம். உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் நிலை அது. காலை உயர்த்துவது மட்டும் அங்கே உதவாது. நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே 108-ஐ அழைக்க வேண்டும்.