பெல்ட்டை மடித்துப் பாருங்கள்

கிரேன் ஆபரேட்டர் காலை டீயை முடிப்பதற்குள் சுமையைக் கட்டித் தூக்கும் ஒரு பெல்ட் ஸ்லிங்கைப் பார்த்துவிடலாம். கொக்கியில் தொங்கவிட்டு அண்ணாந்து பார்ப்பதெல்லாம் கணக்கில் சேராது. இறக்கி, சுத்தமான தார்ப்பாயில், வெளிச்சத்தில் நீளவாக்கில் விரித்துப் போடுங்கள்.

முதலில் டேக். எத்தனை டன், எப்படிக் கட்டினால் எவ்வளவு தாங்கும் என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. ஊதா 1 டன், பச்சை 2, மஞ்சள் 3 என்று நிறத்தை வைத்தே சொல்லிவிடுவார்கள் சிலர். எல்லாக் கம்பெனியும் அந்த வரிசையில் செய்வதில்லை. டேக்கைப் படிக்க முடியாவிட்டால், பெல்ட் புதிதாக இருந்தாலும் ஒதுக்குங்கள்.

பெல்ட்டைச் சாண் சாணாக, இரு பக்கமும் விரலால் தடவி, பெருவிரலை முட்டுக்கொடுத்து மடியுங்கள். ஒருமுறை என் கைக்கு வந்தது நேராகக் கிடந்தவரை பழுதில்லாமல்தான் தெரிந்தது. மடித்ததும் ஓரத்தில் வாய் பிளந்தது. கூரான விளிம்புள்ள ஆங்கிளை அட்டை வைக்காமல் தூக்கியதன் பலன். இழுக்கும்போது கிழிசல் அந்த ஓரத்திலிருந்துதான் உள்ளே ஓடும். கண் பகுதியின் தையலில் நூல் அறுந்திருந்தாலும், வெல்டிங் பொறி பட்டு நூல் உருகிக் கெட்டிப்பட்டிருந்தாலும், முடிச்சு விழுந்திருந்தாலும் வேண்டாம்.

பலரும் கவனிக்காதது சிமென்ட். பாலியஸ்டர் பெல்ட்டுக்குக் காரம் ஆகாது. ஈர சிமென்டோ நல்ல காரம். தெறித்தால் அன்றே தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். காய்ந்து விறைத்துப்போன பெல்ட்டைத் தட்டி உதிர்த்துவிட்டு மாட்டாதீர்கள்.

வயர் ரோப்பில் வெறுங்கையை ஓட்டாதீர்கள். கையுறை போட்டு, பனியன் வேஸ்ட்டால் பிடித்து மெதுவாக நகர்த்துங்கள். அறுந்த கம்பி துணியைப் பிடிக்கும். ஒரு புரி கயிற்றை முழுதாக ஒரு சுற்று சுற்றிவரும் நீளத்துக்குள் 10 கம்பிகளோ, அதே நீளத்தில் ஒரே புரியில் 5 கம்பிகளோ அறுந்திருந்தால் கழித்துவிடுவதுதான் வழக்கமான அளவு. நெளிந்து மடங்கியதற்கும், புரிகள் கூண்டுபோல உப்பியதற்கும் எண்ணிக்கையே தேவையில்லை.

செயினில் கண்ணிகள் ஒன்றோடொன்று உரசும் இடத்தைப் பாருங்கள். நீண்ட கண்ணி பக்கத்துக் கண்ணியை இறுக்கிப் பிடிக்கும், சுலபமாகத் திரும்பாது. கொக்கியின் வாய் விரிந்திருக்கிறதா, தாழ்ப்பாள் மூடுகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

கழித்த பெல்ட்டை ஸ்டோர் மூலையில் போட்டால், அவசரத்துக்கு யாராவது தூக்கிக்கொண்டு வருவார்கள். இரண்டு கண்ணையும் அப்போதே வெட்டிவிடுங்கள். ஸ்டோர்கீப்பர் முணுமுணுப்பார், முணுமுணுக்கட்டும்.