விபத்து இழப்பீடு: இத்தா முடியட்டும் என்று காத்திருக்கலாமா?



கிழக்குக் கடற்கரைச் சாலை விபத்து ஒன்றில் நம்மூர்ச் சகோதரர் ஒருவர் வஃபாத்தானார். அவருடைய குடும்பத்தார் ஏழாவது மாதம்தான் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வந்தார்கள். "இத்தா முடியட்டும் என்று இருந்துவிட்டோம்" என்றார்கள். இன்னொரு குடும்பம், "மவுத்துக்குக் காசு வாங்குவதா?" என்று தயங்கியது. இந்த இரண்டு குடும்பங்களையும் நினைத்தே இதை எழுதுகிறேன்.

வாங்கலாமா?
தவறுதலாக நேர்ந்த கொலைக்கு, குடும்பத்தார் மன்னித்தாலன்றி, தியத் கொடுக்க வேண்டும் என்பதை அந்நிஸா அத்தியாயத்தின் 92ஆம் வசனத்தில் காண்கிறோம். இழப்பீடு உயிருக்கு விலை அல்ல. எத்தீமான பிள்ளைகளின் வாழ்வாதாரம். மேல் விளக்கத்தை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கெடு எவ்வளவு?
1988 மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் செய்த திருத்தம், 2022 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்தது. அதன்படி விபத்து நடந்த 6 மாதத்துக்குள் தீர்ப்பாயத்தில் மனு போட வேண்டும். இந்தக் கெடுவை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. அதை நம்பித் தாமதிக்காதீர்கள். இத்தா 4 மாதம் 10 நாள். அது முடிந்தபின் மிஞ்சுவது ஐம்பது நாள்தான். வக்கீலை வீட்டுக்கே வரவழைத்து வக்காலத்தில் கையெழுத்துப் போடலாம். விபத்து சென்னையில் நடந்தாலும், நாம் குடியிருக்கும் பகுதிக்குரிய தீர்ப்பாயத்திலேயே மனு போடலாம்.

எப்படிக் கணக்கிடுவார்கள்?
35 வயதுச் சிறு வியாபாரி, மாத வருமானம் ரூ.15,000, மனைவி, இரண்டு பிள்ளைகள், தாயார் அவரை நம்பி இருந்தார்கள் என்று வையுங்கள். எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் சேர்த்தால் ரூ.21,000. அவருடைய சொந்தச் செலவுக்குக் கால் பங்கு கழித்தால் ரூ.15,750. ஆண்டுக்கு ரூ.1,89,000. அந்த வயதுக்குரிய பெருக்கு எண் 16. மொத்தம் ரூ.30,24,000. சர்லா வர்மா (2009), பிரணய் சேத்தி (2017) வழக்குகளில் உச்ச நீதிமன்றம் வகுத்த முறை இது. வருமானத்தையும் எதிர்த்தரப்பின் கவனக்குறைவையும் நிரூபிப்பது நம் பொறுப்பு. இல்லத்தரசியின் வேலைக்கும் மதிப்பு உண்டு என்று 2021இல் அதே நீதிமன்றம் சொன்னது.

ஆகவே, மையித்து வீட்டுக்கே வந்து "இரண்டு லட்சம் தருகிறோம், கையெழுத்துப் போடுங்கள்" என்பவரிடம் வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

இடித்த வண்டி எது என்றே தெரியாவிட்டாலும் மரணத்துக்கு ரூ.2 லட்சம், கொடுங்காயத்துக்கு ரூ.50,000 கேட்க வழி உண்டு.

பத்திரப்படுத்த வேண்டியவை:
1. முதல் தகவல் அறிக்கை நகல்
2. பிரேதப் பரிசோதனை அறிக்கை அல்லது காயச் சான்று
3. மருத்துவமனை ரசீதுகள் அனைத்தும்
4. வருமான ஆதாரம், வயதுச் சான்று
5. வாரிசுச் சான்றிதழ்

பெண்களுக்கும் சிறுவர்களுக்கும், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் உண்டு. வழி தெரியாவிட்டால் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வாருங்கள். ஏழாவது மாதம் அல்ல, முதல் மாதமே வாருங்கள்.

வஸ்ஸலாம்.
செயலாளர்