வாயைத் திறக்கும் முன்

அன்புள்ள தம்பி,

கால்நடை மருத்துவம் முடித்துச் சொந்தமாகக் கிளினிக் திறந்திருக்கிறாய். வாழ்த்துகள். உன்னிடம் கட்டாயம் வரப்போகிற ஒரு கேஸைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். நான்கைந்து மாத நாய்க்குட்டி. நேற்றுவரை ஓடியாடியது, இன்று காலையிலிருந்து எச்சில் கயிறு கயிறாக ஒழுகுகிறது. தூக்கி வந்தவர் சொல்வார்: "எலும்பு மாட்டிக்கிச்சு போல டாக்டர், வாயைத் திறந்து பாருங்க."

உடனே திறந்துவிடாதே. இரண்டடி தள்ளி நின்று பார், கேள்.

எலும்பாகவே இருக்கலாம். மேல்தாடையில் குறுக்கே சிக்கினால் குட்டி முன்காலால் வாயைப் பிறாண்டும். மழைக்காலம் என்றால் தேரையைக் கவ்வியிருக்கலாம். முகத்தைக் கீழே சாய்த்துப் பிடித்து, தண்ணீர் தொண்டைக்குள் இறங்காமல் வாயைக் கழுவிவிட்டு, இதயத் துடிப்பைக் கவனி. கரண்ட் ஒயரைக் கடித்திருந்தால் நாக்கும் உதடும் வெந்திருக்கும். சில மணி நேரம் கழித்தும் நுரையீரலில் நீர் கோக்கும் என்பதால் அவசரப்பட்டு வீட்டுக்கு அனுப்பாதே. உண்ணிக்கு என்ன தடவினார்கள் என்று தவறாமல் கேள். மாட்டுக்கு வாங்கிய மருந்தையும் வயலுக்கு அடிக்கும் மருந்தையும் குட்டிமேல் பூசுகிறவர்கள் உண்டு. கண்பாவை ஊசிமுனையாகச் சுருங்கி, கண்ணீரும் கழிச்சலும் சேர்ந்துகொண்டால் பூச்சிமருந்து நஞ்சைச் சந்தேகி. அட்ரோபின் தயாராக இருக்கட்டும்.

இவையெல்லாம் நேரத்தோடு பார்த்தால் பிழைக்கக்கூடியவை. ஆனால் நம் ஊரில் எச்சில் ஒழுகும் நாய் என்றால், இல்லை என்று தெளிவாகும்வரை ரேபிஸும் கணக்கில் உண்டு. கடிக்க வரும் வெறிநாயை யாரும் அடையாளம் கண்டுகொள்வார்கள். நம்மை ஏமாற்றுவது ஊமை ரேபிஸ். கீழ்த்தாடை தளர்ந்து தொங்கும், வாய் மூடாது, குரைப்பு கம்மிப்போகும். கிண்ணத்தில் வாயை வைத்து நக்கும். நீர்மட்டம் மட்டும் குறையாது. தொண்டை செயலிழந்ததால் விழுங்க முடியாத எச்சில்தான் வெளியே வழிகிறது. பார்ப்பவருக்கு அது எலும்பு மாட்டிய வாயாகவே தெரியும்.

வீட்டார் உறுதியாகச் சொல்லும் இரண்டு விஷயங்களை நம்பி முடிவெடுக்காதே. "தண்ணியைப் பார்த்துப் பயப்படலையே" என்பார்கள். தண்ணீருக்கு அஞ்சுவது மனிதருக்கு வரும் அறிகுறி; ரேபிஸ் கண்ட நாய் தண்ணீரைத் தேடிப் போகவும் கூடும். "ஊசி போட்டாச்சு" என்பார்கள். அட்டையை வாங்கிப் பார். மூன்று மாத வயதுக்கு முன் போட்ட ஒற்றை ஊசியை நம்பிவிட முடியாது. குட்டியை எங்கிருந்து எடுத்தார்கள், வேறு நாய் கடித்ததா என்று விசாரி. கடிபட்டு வாரங்கள், சில வேளை மாதங்கள் கழித்தும் நோய் தலைகாட்டும்.

சந்தேகம் வந்துவிட்டால் குட்டியைத் தனியாக அடை. அதன்பின் உன் கவனம் மனிதர்கள்மேல் திரும்பட்டும். எலும்பைத் தேடி வாய்க்குள் விரல்விட்ட அப்பா, முழங்கால் சிராய்ப்பை நக்கவிட்ட குழந்தை, எச்சிலைத் துடைத்த பாட்டி என்று ஒவ்வொருவர் பெயரையும் எழுதி வாங்கு. எச்சில் பட்ட இடத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவச் சொல். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கு அனுப்பு. அறிகுறி தெரிவதற்குச் சில நாள் முன்பிருந்தே எச்சிலில் கிருமி இருக்கும் என்பதையும் சொல். குட்டி இறந்தால் புதைக்கும் முன் மூளை மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்ப ஏற்பாடு செய். உன் சந்தேகம் பொய்யாகிப் போனால் சந்தோஷப்படு. பயமுறுத்திவிட்டோமே என்று கூசாதே. மனிதருக்கு அறிகுறி தொடங்கிவிட்டால் இந்த நோயிலிருந்து மீள்வது ஏறக்குறைய இல்லை.

குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் 1907இல் தொடங்கப்பட்டது. இந்த நோய்க்கான தடுப்பூசி நம் மண்ணுக்கு அவ்வளவு பழக்கம். அப்படியிருந்தும், கடிபட்டால் போட்டுக்கொள்ளலாம் என்று முன்தடுப்பு ஊசியைத் தள்ளிப்போடும் இளம் மருத்துவர்கள் இருக்கிறார்கள். முன்தடுப்பு ஊசி போட்டவருக்கும் எச்சில் புண்ணில் பட்டால் மீண்டும் இரண்டு ஊசி தேவை, முதல் நாளும் மூன்று நாள் கழித்தும். ஆனால் முன்தடுப்பு ஊசியே போடாதவர், அந்தக் குட்டியின் வாயைத் திறக்கும் நிமிடத்தில் எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் நிற்கிறார்.

நீ இன்னும் போட்டுக்கொள்ளவில்லை என்றால் இந்த வாரமே போட்டுக்கொள். குட்டியைப் பிடித்துக்கொள்ளும் உன் உதவியாளரையும் கூடவே அழைத்துப் போ.

அன்புடன்,
உன் மூத்த சகா